மாமா, வாயைக் காட்டுங்கோ!

கீமோவை விட 10,000 மடங்கு சக்தி கொண்டதாம் முள்ளு அன்னமுன்னா. இந்த மெசேஜ் வராத குடும்ப வட்ஸ்அப் குழு ஏதும் இருக்கோ? எங்கட குழுவில் அதை அனுப்பின மாமாவின் வாயில் எந்த நேரமும் வெத்திலை. அவரைப் பகிடி பண்ண இதை எழுதவில்லை. எது காப்பாற்றும், எது கொல்லும் எண்டதில் நாங்கள் எவ்வளவு தலைகீழாக நிக்கிறம் எண்டு காட்டத்தான் எழுதுறன்.

அந்த 10,000, ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் ஒரு இரசாயனத்தைச் சோதித்த கணக்கு. மனிசரில் நிரூபிக்கப்பட்டதல்ல. ஆய்வுகூடத்துக் கலங்களைக் கொல்ல பிளீச்சும் போதும். அதே பழத்திலுள்ள அனோனாசின் நரம்புக் கலங்களைப் பாதிக்கக்கூடியது. கரீபியன் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக எடுத்தவர்களிடம் பார்கின்சன் போன்ற நோய் கூடுதலாக இருந்ததை 1999இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

"இயற்கையானது, ஒண்டும் செய்யாது" எண்டு சொல்லுவினம். பாக்கும் இயற்கைதானே! புகையிலை போடாத வெத்திலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வெளியிட்டுவிட்டது. இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். ஆனால் கலியாண வீட்டில் வெத்திலைத் தட்டத்தை ஆரும் தட்டிவிடுறதில்லை.

சாப்பாட்டுக்குத் தொடர்பே இல்லை எண்டும் சொல்லவரேல்லை. நாளுக்கு 50 கிராம் சொசேஜஸ் போன்ற பதப்படுத்திய இறைச்சி, பெருங்குடல் புற்றுநோயின் அபாயத்தைச் சுமார் 18 வீதத்தால் கூட்டும். மரக்கறியும் நார்ச்சத்தும் நல்லதுதான். ஆனால் "அபாயம் குறையும்" வேறு, "வராது" வேறு. இந்த இரண்டையும் குழப்பினால், நோய் வந்தவரிடம் "நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?" எண்டு குற்றவாளியை விசாரிக்கிற மாதிரிக் கேட்கத் தொடங்கிவிடுவோம்.

அதைவிட மோசம், காலம் போறது. குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மார்புப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். கட்டி, கஷாயம் குடிச்சு முடியுமட்டும் காத்திருக்காது.

உண்மையான தடுப்பு எங்கட ஊரிலேயே இலவசமாக இருக்குது. 2017 தொடக்கம் பாடசாலை மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். அம்மாமாருக்கு சுகவனிதையர் கிளினிக் இருக்குது. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் காட்டலாம். இதை ஏன் ஆரும் ஃபோர்வேர்ட் பண்ணுறதில்லை?

நான் பண்ணப்போறன். முதல் மெசேஜ் மாமாவுக்குத்தான்: அந்த இலையை விடுங்கோ, வெத்திலையையும் விடுங்கோ, ஒருக்கா வாயைக் காட்டிட்டு வாங்கோ.