சுவாசப்பையில் ஒரு நிழல்

"மார்பில் நிழல் தெரிகிறது" என்று வைத்தியர் சொல்லிவிட்டால் போதும். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவார் இல்லை. ஆனால் நிழல் என்பது நோயின் பெயர் அல்லவே! எதனுடைய நிழல் என்பதல்லவா கேள்வி?

ராஜபாளையத்தாருக்கு இக்கேள்வி மிகவும் முக்கியமானது. 1936-இல் ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா அங்கே நூற்பாலைக் கம்பெனியை நிறுவியது முதல், அவ்வூரிலும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எத்தனையோ குடும்பங்களுக்குப் பஞ்சுதான் சோறு போட்டு வருகிறது. அந்தப் பஞ்சே தூசியாகி மூச்சுக்குள்ளும் புகுகிறது. ஆலைத் தொழிலாளி ஒருவர் விடாமல் இருமினால், அது க்ஷயமா, பஞ்சுத் தூசியா, பீடி தந்த புற்றா?

எக்ஸ்ரே படத்தில் விலா எலும்பு, இருதயம், சுவாசப்பை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்து விழுகின்றன. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் ஹவுன்ஸ்பீல்டு என்பவருடைய யந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. அதன் வம்சத்தில் வந்த ஸி.டி. ஸ்கேன் இன்று மார்பை, வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்குவதுபோல், கத்தியின்றி நறுக்கிக் காட்டுகிறது. க்ஷயமானால் பெரும்பாலும் மேற்பகுதியில் குழிகளும், கிளையில் அரும்பு கட்டியது போன்ற புள்ளிகளும் தெரியும். புற்றானால் முள் முள்ளாக விளிம்புள்ள கட்டி. தழும்பேறி இறுகிய சுவாசப்பையில் ஒரு தேன்கூடு. 2020-இல் கொரோனா வந்தபோது 'தேய்த்த கண்ணாடி' போன்ற மங்கலைக் கண்டார்கள்.

ஆயினும் ஒரு நோய் மற்றொன்றின் வேஷத்தைப் போட்டுக்கொள்வதுண்டு. மதனப்பள்ளி க்ஷயரோக ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் பிரிமாட் மோலரும் பார்ட்டனும், க்ஷயம் போலவே தோன்றிய, ஆனால் க்ஷயமல்லாத ஒரு நோயைப் பற்றி 1940-இல் எழுதினார்கள். அந்த நோயாளிகளின் இரத்தத்தில் ஈஸினோபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன. யானைக்கால் புழுக்கள் செய்த வேலை அது என்று பிற்பாடு விளங்கிற்று.

பஞ்சுத் தூசி நோயோ இன்னும் கள்ளத்தனமானது. அதற்கென்று தனி அடையாளம் எந்தப் படத்திலும் விழுவதில்லை. வார விடுமுறை கழிந்து ஆலைக்குள் நுழைந்த முதல் நாள் மார்பு இறுகும், மறுநாள்களில் தளரும். இதை நோயாளிதான் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்கவும் வேண்டும். பெயர் மாறினால் மருந்து மட்டுமா மாறும்? தொழிலாளருக்கு நஷ்டஈடு அளிக்கும் சட்டத்தின் அட்டவணையில் இந்நோய்க்கு இடமுண்டு. சீட்டில் வெறும் 'ஆஸ்துமா' என்று எழுதிவிட்டால், அந்த ஈட்டைக் கேட்க வழியேது?

ஸ்கேனுக்கு ஓடும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரண எக்ஸ்ரேயைவிட அதில் கதிர்வீச்சு பன்மடங்கு அதிகம். க்ஷயம் என்று சந்தேகமானால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை. க்ஷயமே என்று ஏற்பட்டாலும் மருந்து இலவசந்தான்.