குமரியில் மீன் சாப்பாடு: எந்த மாசம், எந்தக் கரை?

விவேகானந்தர் பாறை, 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், வள்ளுவர் சிலை எல்லாம் பார்த்துட்டு படகில் கரை திரும்பியாச்சு. நல்ல மீன் சாப்பாடு எங்கே? பதில் காலண்டரில் இருக்கிறது.

ஒரே மாவட்டம், ரெண்டு தடை

மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 61 நாள் தடை. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் உள்ள முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

அப்போ எங்கே போகலாம்?

மே மாத லீவில் வந்தால் முட்டம், குளச்சல் பக்கம். ஜூன் 15-க்குப் பிறகு சின்னமுட்டம். ஜூன் 1 முதல் 14 வரை ரெண்டு கரையிலும் விசைப்படகு ஓடாது.

அந்த 14 நாள்?

வள்ளம், கட்டுமரத்துக்குத் தடை இல்லை. அவங்க பிடிக்கும் சாளை, நெத்திலி கிடைக்கும். மரச்சீனிக்கிழங்கும் தேங்காய் அரைச்ச சாளைக் கறியும் கேளுங்க. காசு அன்னைக்குக் கடலுக்குப் போனவருக்கே சேரும். பெரிய நெய்மீன் துண்டு வந்தால், 'எந்த ஊர் மீன், என்னைக்குப் பிடிச்சது?' என்று விசாரிங்க. ஐஸில் பல நாள் கிடந்ததாக இருக்கலாம்.

பருவக்காற்றில் கடல் சீறினால் வள்ளமும் இறங்காது. அன்னைக்கு நாஞ்சில் நாட்டு அவியல் இருக்கவே இருக்கு.