எண்ணிப் பார்த்த மேய்ப்பன்



சென்ற ஆண்டு அசனப் பண்டிகைக்கு மறுநாள், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் சிலரை வடகால் கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வாய்க்காலைச் சுத்தம் செய்வதே நோக்கம். கையுறையும் சாக்குப்பையும் கொடுத்தாயிற்று. ஒரு சிறிய மடையின் வாயில் அமலைச் செடியோடு பிளாஸ்டிக் தம்ளர்கள் அடைத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்த சிறுவன், "ஐயா, இது நேத்து நாம தண்ணி குடிச்ச கப்புல்லா?" என்று கேட்டான்.

அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் துணிவில்லை என்பதே உண்மை.

பெரியவர்கள் எறிந்ததைப் பிள்ளைகள் பொறுக்குவதும், அதை நாம் படமெடுத்து மகிழுவதும் இனி நம் சபையில் வேண்டாம் என்று எண்ணுகிறேன். அதனால் பிள்ளைகள் கற்றுக்கொள்ளுவது குப்பையைப் பற்றி மாத்திரமே. வாய்க்காலைப் பற்றி அல்ல.

இதற்கு மாறான ஒரு வழி நம் பகுதியிலேயே உண்டு. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் பிற இயற்கை ஆர்வலர்களோடு சேர்ந்து, 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். மாணவர்களும் விடியற்காலையில் கரையில் நின்று எண்ணுகிறார்கள்: நாமக்கோழி இத்தனை, அரிவாள் மூக்கன் இத்தனை, இமயமலையைத் தாண்டி வந்த பட்டைத்தலை வாத்து இத்தனை. அவர்கள் கையில் இருப்பது துடைப்பமல்ல, குறிப்பேடு.

லூக்கா 15ஆம் அதிகாரத்து மேய்ப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். காணாமற்போனதைத் தேடிப்போன அவனது அன்பைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒன்று குறைந்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று மாத்திரம் நான் கேட்டதில்லை. அவன் எண்ணியிருந்தான். எண்ணாதவனுக்குத் தொண்ணூற்றொன்பதும் மந்தைதான். அவன் தேடப் போகவே மாட்டான்.

நம் பிள்ளைகளுக்கு வடகாலைப் பற்றி என்ன தெரியும்? தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது நம் ஊருடையது; அதன் வடகரையில் பிரிகிற இந்தத் தண்ணீர் தூத்துக்குடிக்கு அருகே கோரம்பள்ளம் குளம் வரை போகவேண்டும். இங்கே ஒரு மடை அடைத்தால் கடைமடையில் ஒருவருடைய பயிர் வாடும். முகம் அறியாத அந்த அயலானைப் பிள்ளைகள் அறியவேண்டாமா? ஒரு காலத்தில் துறைமுகமாயிருந்த கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே இருக்கிறதே, ஆறு கொண்டுவந்த வண்டல் செய்த வேலை அது. 1877இல் அங்கே மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர் நம் கால்டுவெல் அத்தியட்சர்தாம். ஊழியக்காரர் மண்ணையும் ஆற்றையும் படிப்பது புதிதல்ல.

அறிந்தவர்கள்தாம் வழக்காடவும் செய்வார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த நல்லகண்ணு ஐயா பொதுவுடைமை இயக்கத்தவர். நம் ஆலய அங்கத்தினர் அல்லர். ஆயினும் தாமிரபரணி மணலுக்காக உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடி, 2010இல் ஐந்தாண்டுத் தடை பெற்றார். அப்போது அவர் முதிர்ந்த வயதினர். நம்மில் யார் போனோம்?

தண்ணீர்ப் பக்கம் பிள்ளைகளை அனுப்ப அஞ்சுகிற தாய்மாரை நான் குறைசொல்லேன். 2023 டிசம்பரில் ஒரே நாளில் இவ்வூரில் 62 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யார் மறந்தார்கள்? ரயிலில் வந்தவர்கள் நம் நிலையத்திலேயே சிக்கிக்கொண்ட நாட்கள் அவை. ஆகவே பிள்ளைகள் தண்ணீரில் இறங்க வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை, பெற்றோர் இருவராவது உடன் நிற்க, கரையிலிருந்து பார்க்கட்டும். நீர் எந்தப் படி வரை நிற்கிறது, என்ன பறவை வந்தது, எந்த மடை அடைத்திருக்கிறது என்று எழுதட்டும். அந்த நோட்டை ஆலய வாசலில் வைப்போம். அடைத்த மடையைத் திறந்துவிடுவது பெரியவர்களாகிய நம் வேலை.

வருகிற அசனத்திற்கு எவர்சில்வர் தம்ளர்கள் வாங்கும்படி சபைக் கமிட்டியாரிடம் கேட்டிருக்கிறேன். வாங்கிவிடலாம், கழுவுவது யார் என்றார்கள். நியாயமான கேள்வி. ஆலய வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. அந்தச் சிறுவன் ஞாயிறன்று அதைப் படித்துவிட்டு, தன் தகப்பனாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். இப்போது அதில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.