நிறம் எங்கே போயிற்று?

சென்ற ஞாயிறன்று அயல் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. குற்றஞ் சாட்டப்பட்டவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். குற்றம், ரெலிவிஷன் பெட்டியைப் பழுதாக்கியமை.

ஜப்பானில் தொழில் புரியும் சித்தப்பா அனுப்பிய பழைய விளையாட்டுப் பொறியொன்றை அவன் பெட்டியோடு இணைத்திருக்கிறான். படம் வந்தது, நிறம் வரவில்லை. வானமும் மரமும் வீரனும் சாம்பல் பூசி நின்றனர். பழுது பார்ப்பவர் ஒருவர், பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கூறிச் சென்றாராம். தந்தையாரோ கையை ஓங்கியபடி நின்றார்.

“நான் ஒன்றையும் உடைக்கவில்லை, மாமா” என்றான் சிறுவன். குரல் தழுதழுத்தது.

“இரவுச் செய்தி நிறத்தோடு வருகின்றதா?” என்று கேட்டேன்.

“வருகின்றது, மாஸ்ரர்” என்றார் தந்தையார்.

“அப்படியாயின் பெட்டியிற் பழுதில்லை. இரண்டு பொறிகளுக்கும் பாஷை ஒத்துவரவில்லை; அவ்வளவே.”

நேயர்களே, இதனைச் சிறிது விளக்குவேன். அமெரிக்கா 1953ஆம் ஆண்டில் நிற ஒளிபரப்பு முறையொன்றை அங்கீகரித்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தோரும் அதனைக் காணவேண்டும் என்பது நிபந்தனை. ஆதலின் ஒளியின் ஏற்றத்தாழ்வை ஒரு சைகையாகவும், நிறத்தை அதன்மேல் ஏற்றிய வேறொரு சைகையாகவும் அமைத்தனர். நிறத்தின் பாஷை விளங்காத பெட்டி ஒளியை மட்டும் எடுத்துக்கொள்ளும். படம் தப்பும், நிறம் போகும்.

அம்முறையே என்.ரி.எஸ்.சி. ஜப்பானும் அதனையே ஏற்றது. அதில் நிறச் சைகையின் மீடிறன் ஏறத்தாழ 3.58 மெகாஹேர்ட்ஸ். ஜெர்மனியரான வால்ரர் புறூக் வகுத்த ‘பால்’ முறை, 1967இல் மேற்கு ஜெர்மனியிலும் பிரித்தானியாவிலும் ஒளிபரப்புக்கு வந்தது. குடிக்கும் பாலன்று, ஆங்கில எழுத்துக்கள் மூன்றின் கூட்டு. அதில் மீடிறன் ஏறத்தாழ 4.43. இலங்கை தழுவியது இந்தப் பால் முறையையே.

அயல் வீட்டுப் பெட்டி இரண்டு பாஷைகளும் அறிந்ததுதான். எனினும் யாரோ அதன் ‘கலர் சிஸ்டம்’ என்னும் தெரிவைப் ‘பால்’ என நிறுத்திவிட்டிருந்தனர். அதனை ‘ஓட்டோ’வுக்கு மாற்றினேன். வானம் நீலமாயிற்று. செலவு ஒரு சதமுமில்லை. பால் மட்டுமே அறிந்த பெட்டியாயின், இடையே ஒரு மாற்றுக் கருவி வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க. ஜப்பானிய மின்சாரம் 100 வோல்ற்று, எம்முடையது 230. அங்கிருந்து வரும் பழைய பொறியை நேரே சுவரிற் செருகினால் நிறம் மட்டுமன்று, பொறியே போய்விடும்.

இக்காலத் தட்டைப் பெட்டிகளிலும் இத்தகைய பிணக்குகள் உண்டு. பலவற்றில் மஞ்சட் செருகிக்கும் பச்சைச் செருகிக்கும் துவாரம் ஒன்றே. மஞ்சளைச் செருகிவிட்டுப் பெட்டியிற் ‘கொம்போனன்ற்’ என்பதைத் தெரிந்தால் கறுப்பு வெள்ளைதான் வரும், ‘ஏ.வி.’ என்பதைத் தெரிக.

எச்.டி.எம்.ஐ. வடத்தில் வருவது வேறொரு பிணக்கு. ஒரு பொறி கருமையை 0 என்றும் வெண்மையை 255 என்றும் எண்ணும். மற்றது 16 என்றும் 235 என்றும் எண்ணும். எண்ணிக்கை முரண்பட்டால், கருமை வெளிறிச் சாம்பலாகும். அல்லது இருண்ட இடங்கள் ஒரே மையாகிவிடும். பொறியிலும் பெட்டியிலும் ‘ஆர்.ஜி.பி. றேஞ்ச்’ என்பதை ஒன்றாக வையுங்கள். படம் முழுவதும் பச்சையாகவோ ஊதாச் சிவப்பாகவோ தோன்றினால், இரண்டையும் அணைத்து, வடத்தைக் கழற்றி மீண்டும் இறுகச் செருகுங்கள். தீராவிடின் வேறொரு வடத்தால் சோதியுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பின்னர்தான்.

நான் விடைபெற்றபோது தந்தையார் மகனருகே தரையில் அமர்ந்திருந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. “தம்பி, இதை எப்படிப் பிடிக்கிறது?” என்று கேட்டார். சிறுவன் அவருடைய விரல்களைப் பிடித்து, பொத்தான்களின்மேல் ஒவ்வொன்றாக வைத்தான்.