மேயர் நாற்காலியும் மக்கள் அதிகாரமும்

2020 அக்டோபரில் பெய்த பெருமழையில் ஹைதராபாத்தின் தாழ்வான குடியிருப்புகள் வெள்ளத்தில் மூழ்கின. ஏரிகளை ஆக்கிரமித்து எழுந்த கட்டிடங்களுக்கும், தூர்ந்துபோன கால்வாய்களுக்கும் விலை கொடுத்தவர்கள் உழைப்பாளி மக்களே. டிசம்பர் 1 அன்று மாநகராட்சித் தேர்தல் நடைபெற்றது. மழைநீர் வடிகால் பற்றிய கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி, நகரின் பெயரை மாற்றுவோம் என்று பாஜக முழங்கியது. 2016இல் 4 வார்டுகளில் வென்ற அக்கட்சி இம்முறை 48 வார்டுகளைக் கைப்பற்றியது. மக்தூம் மொஹியுதீன் தொழிற்சங்கம் கட்டி வளர்த்த நகரில், 150 வார்டுகளில் ஒன்றுகூட இடதுசாரிகளுக்குக் கிட்டவில்லை.

இந்தத் தோல்வியை நாம் நேர்மையாகப் பரிசீலிக்க வேண்டும். கூடவே மற்றொரு கேள்வியும் எழுகிறது. வென்றவர்களுக்கேனும் நகரை ஆளும் அதிகாரம் இருக்கிறதா? ஹைதராபாத் மாநகராட்சியை நிர்வகிப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடமே உள்ளது. மேயர் மன்றக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குகிறார். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர அமைப்புகளுக்கு உரியவையாக 18 பணிகளைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றை வழங்குவதும் மறுப்பதும் மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்திற்கே விடப்பட்டது. பெரும்பாலான மாநிலங்கள் பணியைக் கொடுத்தால் நிதியைக் கொடுப்பதில்லை. நிதியைக் கொடுத்தால் ஊழியரைக் கொடுப்பதில்லை.

வேறு வழிகளும் உண்டு. பிரான்சின் சோசலிஸ்ட் தலைவர் காஸ்தோன் தெஃபேர் 1953 முதல் 1986இல் மறையும் வரை மார்சேய் நகரின் மேயராக இருந்தார். 1981இல் உள்துறை அமைச்சரானதும், உள்ளாட்சிகளின் முடிவுகளுக்கு அரசுப் பிரதிநிதியின் முன் ஒப்புதல் தேவை என்ற முறைக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முடிவு கட்டினார். அதே தெஃபேர்தான், தமது நகரில் கம்யூனிஸ்டுகளை ஒதுக்கிவைப்பதற்காக மையவாத, வலதுசாரி சக்திகளுடன் நெடுங்காலம் கூட்டு வைத்தவர் என்பதையும் மறக்க இயலாது.

நமக்கு நெருக்கமான உதாரணம் சிலிகுரியின் தோழர் அசோக் பட்டாச்சார்யா. 1991 முதல் 2011 வரை மேற்கு வங்க இடது முன்னணி அமைச்சரவையில் நகராட்சித் துறைப் பொறுப்புகளை வகித்தவர். கல்கத்தா மாநகராட்சிக்கான 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, மேயரும் அவரது குழுவினரும் நிர்வாகத்தை நடத்தும் முறையை இடது முன்னணி ஏற்படுத்தியிருந்தது. 2011இல் அவர் தோற்றார், ஒதுங்கிவிடவில்லை. 2015இல், திரிணாமுல் ஆட்சியின் அடக்குமுறைக்கு நடுவே, சிலிகுரியின் 47 வார்டுகளில் 23ஐ இடது முன்னணி வென்றது, அவர் மேயரானார். இருபதாண்டுகள் அமைச்சராக நகராட்சிகளுக்கு நிதி வழங்கிய தோழர், இப்போது மேயராகத் தமது நகருக்கு உரிய நிதியைக் கேட்டு அரசோடு போராட வேண்டியிருந்தது. சட்டம் அதிகாரம் தந்தாலும், கஜானாவின் சாவி வேறொருவர் கையில் இருந்தால் அந்த அதிகாரம் பாதியே.

2022இல் அதே சிலிகுரியில் இடது முன்னணிக்குக் கிடைத்தவை 4 வார்டுகள். அவரும் தமது வார்டில் தோற்றார். ஒரு தலைவரின் நேர்மையும் அனுபவமும் விலைமதிப்பற்றவை. ஆனால் வார்டு தோறும் வேரூன்றிய அமைப்பின் இடத்தை அவை நிரப்பிவிட முடியாது.

எனவே நம்முன் உள்ள கடமை இரட்டைக் கடமையாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கு நிதியும் நிர்வாக அதிகாரமும் கோரும் போராட்டத்தை மாநிலந்தோறும் முன்னெடுக்க வேண்டும். குடிநீர், சாக்கடை, வீட்டுமனைப் பட்டா, தூய்மைப் பணியாளர்களின் நிரந்தரப் பணி ஆகிய கோரிக்கைகளை, தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல், கட்சிக் கிளைகள் ஐந்தாண்டுகளும் கையிலெடுக்க வேண்டும். வெள்ளம் வடியாத தெருவில் முதலில் இறங்கி நிற்பது செங்கொடியாக இருந்தால், மதவெறிக் கூச்சலுக்கு அங்கே எளிதில் இடம் கிடைக்காது. மேயர் நாற்காலிக்கான பாதையும் அந்தத் தெருவிலிருந்தே தொடங்குகிறது.