இலவசத்தின் விலை 11,904 யூரோ

'ஜெர்மனில படிப்பு ஃப்ரீடா, கெளம்பிடு' என்று சொல்லாத ஆள் இன்று எங்கள் மாவட்டத்தில் இல்லை. சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்கிறார்கள். மீதிப் பாதியில்தான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள்.

அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, உண்மைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்றவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணத்தை ஆரம்பித்துவிட்டது. சரி, அதை விடுங்கள். கட்டணமே இல்லாத இடத்தில் சீட் கிடைத்தாலும், விசா வேண்டுமென்றால் ஓராண்டுச் செலவைக் காட்டியாக வேண்டும். பெரும்பாலானோருக்கு அதற்குள்ள வழி முடக்கக் கணக்கு. 11,904 யூரோவை முன்கூட்டியே போட வேண்டும். போய்ச் சேர்ந்தபின் மாதம் 992 யூரோவாக அது நம் கைக்கே வரும். நம்ம கணக்கில் 11, 12 லட்சம் ரூபாய். மதிப்பெண் சீட் வாங்கித் தரும். விசாவுக்கு அப்பாவின் பத்திரம் வேண்டும்.

பத்திரம் இல்லாதவன் என்ன செய்வான்? வங்கிகள் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் அடமானம் கேட்கின்றன. கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைத்து ஒரே நாளில் லட்சக்கணக்கில் திரட்டுவார்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். எத்தனையோ பேரைக் கரையேற்றிய ஏற்பாடு அது. ஆனால் மொய் நோட்டில் பெயர் ஏற வேண்டுமென்றால் முதலில் நாலு பேருக்குச் செய்திருக்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் மகளுக்கு எந்தப் பந்தலில் மொய் விழும்?

இந்த இடத்தில்தான் ஏஜென்ட் வருகிறார். அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன் வராது. பல லட்சம் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியில் வரும். அதனால் 'ஃப்ரீ' என்று கூப்பிட்டு உட்காரவைத்து, தனியாரில் கையெழுத்து வாங்குகிறார். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாகியுள்ள ஏபிஎஸ் சான்றிதழ், பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாமே நாமே இணையத்தில் செய்யக்கூடியவை. இதை ஒரு கல்லூரியிலாவது ஆசிரியர்கள் உட்காரவைத்துச் சொல்கிறார்களா?

'ஊர விட்டு ஓடுறவனுக்கு அரசு எதுக்குய்யா காசு குடுக்கணும்?' என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவரை ஞாபகப்படுத்துகிறேன். முத்துலட்சுமி ரெட்டி, 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று ஊரே எதிர்த்தபோது, மன்னர் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 1925இல் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்படிப்புக்காக லண்டன் போனார், அரசு உதவித்தொகையில். திரும்பி வந்து என்ன செய்தார் என்பதற்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சாட்சி. அறிவு அவருடையது. கப்பல் டிக்கெட்டுக்கு அறிவு மட்டும் போதவில்லை.

இன்றும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்கத் தமிழக அரசு உதவித்தொகை தருகிறது. அது இன்னும் நிறையப் பேருக்குப் போய்ச் சேர வேண்டும். கூடவே ஒன்று கேட்கிறேன்: அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்ட எந்த ஏழை மாணவருக்கும் முடக்கக் கணக்குத் தொகையை அடமானமில்லாமல், வட்டியில்லாமல் அரசு கடனாகக் கொடுக்கட்டும். வேலை கிடைத்ததும் அவர் திருப்பிக் கட்டட்டும். அந்தப் பணத்தில் அடுத்த ஆள் போகட்டும். கொடுத்ததை எழுதிவைத்துத் திருப்பி வாங்குவது எங்கள் மாவட்டத்துக்குப் புதுசில்லை. மொய் நோட்டை அரசு ஒருமுறை கையில் எடுக்கட்டும், அவ்வளவுதான்.