நம் அணி மூடப்பட்டபோது அழுதவர் எத்தனை பேர்?



ஒரு சின்னக் கேள்வி. லிவர்பூலுக்கு யார் கோல்காவலர்? உங்கள் வீட்டுப் பத்து வயதுப் பையனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். சரி, அடுத்த கேள்வி. 2019 முதல் 2022 வரை நம் சமுதாயத்தில் முளைத்த ஓர் அணி இந்த நாட்டின் சூப்பர் லீக்கில் ஆடியதே, அதில் ஆடிய மூன்று பேரின் பெயரைச் சொல்லுங்கள். பையனை விடுங்கள். அப்பாவே, நீங்கள் சொல்லுங்கள்!

மௌனம்தானே? இந்த மௌனத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றம், மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் ஆகிய இரண்டின் பெயரையும் சேர்த்து 'மிஸ்க்-மிஃபா' என்று ஓர் அணி இருந்தது. மூன்றாம் பிரிவில், எஃப்.ஏ.எம். லீக்கில், புழுதித் திடல்களில் ஆடிய அணி. அங்கிருந்து ஏறி 2017இல் இரண்டாம் பிரிவான மலேசிய பிரிமியர் லீக்குக்கு வந்தது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதுப் பெயரோடு சூப்பர் லீக்கில் காலடி வைத்தது. கே. தேவன் பயிற்றுநராக இருந்தார், பிறகு பி. மணியம் வந்தார். மற்ற அணிகள் வெளிநாட்டிலிருந்து ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கியபோது, இந்த அணி தன் கடைசிப் பருவங்களில் உள்நாட்டுப் பிள்ளைகளை மட்டுமே வைத்து ஆடியது. மலாய்க்காரப் பிள்ளைகளும் ஆடினார்கள், நல்லதுதான். ஆனால் வேர் நம்முடையது.

2022 பருவம் முடிந்தது. அடுத்த பருவத்துக்கு வரமாட்டோம் என்று அணி விலகிக்கொண்டது. அவ்வளவுதான்! ஊர்வலம் இல்லை, மனு இல்லை, ஒரு பதாகை கூட இல்லை. ஒரு தமிழ்ப்பள்ளியை மூடப்போகிறார்கள் என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிற நாம், ஒரு கோயிலை உடைக்க வருகிறார்கள் என்றால் ராத்திரியோடு ராத்திரியாகத் திரளுகிற நாம், இந்த அணி மறைந்தபோது மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு மான்செஸ்டர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளானா ஜெயாவில் உள்ள எம்.பி.பி.ஜே. அரங்கத்தில் சுமார் 25,000 பேர் உட்காரலாம். நான் போன ஆட்டங்களில் நாற்காலிகள்தான் ஆட்டம் பார்த்தன. எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர், பொட்டலத்தில் கச்சான் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சத்தம் மேல் வரிசை வரை கேட்டது. ஒரு பெரிய அரங்கத்தில் அந்தச் சத்தம் கேட்கக்கூடாது ஐயா! ஜனங்களின் இரைச்சலில் அது அமுங்கிப்போக வேண்டும்.

இப்போது மலாக்காவைப் பாருங்கள். மலாக்கா யுனைடெட் அணியும் அதே 2022 முடிவில்தான் விழுந்தது. சம்பள பாக்கி, புள்ளிகள் பறிப்பு, கடைசியில் உரிமமும் கிடைக்கவில்லை. ஆனால் மலாக்கா எஃப்.சி. என்ற பெயரில் கீழ்ப் பிரிவிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். 2025-26 பருவத்தில் சூப்பர் லீக்குக்கே வந்துவிட்டார்கள். விழுந்தவன் எழுந்தான். நம் அணி ஏன் எழவில்லை?

அவர்களுக்கு மாநில அரசு இருக்கிறது, நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பேராவுக்கும் கெடாவுக்கும் மாநிலம் இல்லையா? 2025இல் அந்த இரண்டு பழம்பெரும் அணிகளுமே சூப்பர் லீக்கிலிருந்து வெளியே போயினவே! மாநிலம் இருந்தாலே அணி பிழைத்துவிடும் என்பதில்லை. 'எங்கள் அணி எங்கே?' என்று கேட்பதற்கு ஆள் வேண்டும். மலாக்காவில் கேட்டார்கள். நம்மில் கேட்கவில்லை. அது யாரோ சில தலைவர்கள் நடத்திய அணி, அவர்கள் தொடங்கினார்கள், அவர்கள் முடித்தார்கள் என்று இருந்துவிட்டோம்.

நம் தலைவர்களுக்கும் காற்பந்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கூடாரம், பெரிய ஒலிபெருக்கி, எழுவர் காற்பந்துப் போட்டி, சுழற்கிண்ணத்தில் மாண்புமிகுவின் பெயர். பிள்ளைகள் வெயிலில் ஒரே நாளில் ஐந்து ஆட்டம் ஆடுவார்கள். நான்கு மணிக்கு மாண்புமிகு வருவார், மாலை, பொன்னாடை, ஒரு உதை, ஒரு படம். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வரும். அதன் கீழே பத்துப் பிரமுகர்களின் பெயர்கள் டத்தோ, டத்தோஸ்ரீ பட்டங்களோடு வரும். இறுதியாட்டத்தில் கோல் போட்டவன் பெயர்? தேடிப் பாருங்கள். என்ன கோல் கணக்கு என்பதே சில நேரம் இருக்காது! இதுதான் நமக்குக் கிடைக்கும் 'உள்ளூர் விளையாட்டுச் செய்தி'.

பத்திரிகைக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் மூடப்பட்டதை நாமெல்லாம் பார்த்தோம். மிச்சமிருக்கும் பத்திரிகைகளில் விளையாட்டுப் பக்கத்துக்கு எத்தனை பேர் வேலை செய்ய முடியும்? இங்கிலாந்துச் செய்தி மேசைக்கே வந்து விழுகிறது, மொழிபெயர்த்தால் பக்கம் நிரம்பிவிடும். கிள்ளானில் ஒரு திடலில் நடந்த ஆட்டத்தை யாராவது சொன்னால்தானே போடுவார்கள்? மாண்புமிகுவின் உதவியாளர் சொல்கிறார், படமும் அனுப்புகிறார். அதனால் அது வருகிறது. நீங்களும் நானும் எதையும் அனுப்புவதில்லை.

பெற்றோர்களே, இது வெறும் விளையாட்டு விஷயம் அல்ல. நம் பிள்ளைகளின் பெயர் இந்த நாட்டுப் பத்திரிகைகளில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? குற்றச் செய்திப் பக்கத்தில் வயது, ஊர் எல்லாம் போட்டு வருகிறது. அதே வட்டாரத்துப் பையன் சனிக்கிழமை மூன்று கோல் போட்டது எங்கேயும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர், வேலைக்கு ஆள் எடுக்கிற முதலாளி எல்லோரும் எந்தப் பக்கத்தைப் படித்து நம்மை அளக்கிறார்கள்? மாநில இளைஞர் அணித் தேர்வுக்கு ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனால், 'இதற்கு முன் எங்கே ஆடினான்?' என்று கேட்பார்கள். காட்டுவதற்கு ஒரு துண்டுச் செய்தி கூட நம் கையில் இருப்பதில்லை.

இத்தனைக்கும் நாம் இந்த விளையாட்டுக்கு நேற்று வந்தவர்கள் அல்ல. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வெண்கலம் வென்றபோது அணித்தலைவர் எம். சந்திரன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தென் கொரியாவை 2-1 என்று வென்று தகுதி பெற்ற அணியின் கோல்காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம். அவர் 1988இல் சாலை விபத்தில் போனபோது எல்லா இனத்தாரும் அழுதார்கள். 2009இல் சீ விளையாட்டுத் தங்கமும், 2010இல் இந்த நாட்டுக்கு முதல் ஏ.எஃப்.எஃப். கிண்ணமும் வாங்கிக்கொடுத்த பயிற்றுநர் கே. ராஜகோபால். அந்த 2010 அணியில் எஸ். குணாலன் ஓடிய ஓட்டத்தை மறந்துவிட்டீர்களா? இந்தப் பெயர்களெல்லாம் தெரிந்திருப்பதற்குக் காரணம், அன்று யாரோ உட்கார்ந்து எழுதினார்கள், வானொலியில் சொன்னார்கள், வீட்டில் பேசினார்கள். 'ஓலா போலா' படம் 2016இல் வந்த பிறகுதான் ஆறுமுகத்தைப் பற்றி நம் பிள்ளைகள் கேட்டார்கள் என்பது வேறு விஷயம். அதிலும் நமக்குக் கொஞ்சம் வெட்கம் வேண்டும்.

இனி என் வீட்டுக் கதை. நான் பிறந்த தோட்டத்தில் கோயிலுக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு திடல் இருந்தது. மாலை ஐந்து மணிக்குப் பால்மரம் வெட்டிய கைகளைக் கழுவிவிட்டு ஆண்கள் இறங்கிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லோரியில் ஏறிப் போவோம், தோற்றால் பாட்டில்லாமல் திரும்புவோம். தோட்டம் மேம்பாட்டாளருக்கு விற்கப்பட்டது, ஜனங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குச் சிதறினார்கள், குழு கலைந்தது. திடல் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதி. நாங்கள் யாரும் அங்கே வீடு வாங்கவில்லை, வாங்க முடியவும் இல்லை.

அந்தக் குழுவை எங்கள் பிள்ளைகள் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்! அதே பழைய பெயர். ஒருவன் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், ஒருவன் மோட்டார்சைக்கிளில் உணவு கொண்டு கொடுக்கிறான், இரண்டு பேர் இன்னும் படிவம் ஐந்து. ஆடுவது வட்டார லீக்கில். அதாவது 2024இல் தொடங்கிய ஏ1 செமி-புரோ லீக்குக்கும் கீழே, அதற்கும் கீழே. அதனால் என்ன? மிஸ்க்-மிஃபாவும் கீழே இருந்துதான் ஏறியது. எங்கள் தோட்டத்துப் பெயர் ஒரு சட்டையின் முதுகில் ஓடுவதைப் பார்த்தபோது என் அக்காள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரைபடத்தில் இல்லாத ஊர் அது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பிரமுகர் ஆள் அனுப்பினார். சட்டை, காலணி, திடல் வாடகை எல்லாம் தான் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு இரண்டே இரண்டு விஷயம். சட்டையில் அவர் படம், குழுவின் பெயருக்கு முன்னால் அவர் பெயர். பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்க வந்தார்கள். பொய் சொல்லமாட்டேன், எங்களில் பாதிப் பேர் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். 'ரோஷத்தைப் போட்டுக்கொண்டு ஆட முடியுமா, பூட்ஸ் போட்டுக்கொண்டுதானே ஆட வேண்டும்' என்றார் ஒரு மாமா. அவர் சொன்னதிலும் தவறில்லை. பூட்ஸ் விலை எனக்கும் தெரியும். ஆனால் எனக்குக் கிளானா ஜெயாவின் காலி நாற்காலிகள் ஞாபகம் வந்தன. ஒருவர் பணத்தில் நிற்கும் குழு அவர் கையை எடுத்தால் விழும். அடுத்த தேர்தலில் அவருக்கு இடம் இல்லை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் திடல் இல்லை! கடைசியில் பிள்ளைகளே முடிவு செய்தார்கள், வேண்டாம் என்று.

ஆகவே இப்போது செலவு எங்கள் தலையில். நகராண்மைத் திடலுக்கு வாடகை, நடுவருக்குப் பணம், பந்து, தண்ணீர். பழைய தோட்டத்துக் குடும்பங்களில் அறுபதைத் தேடிப் பிடித்திருக்கிறோம். குடும்பத்துக்கு மாதம் ஐந்து ரிங்கிட், ஆக முந்நூறு. ஒரு குடும்பம் மாமாக் கடையில் ஓர் இரவு ஆட்டம் பார்த்தால் செய்யும் செலவுக்கும் குறைவு. வசூல் செய்யப் போகும்போது கதவைச் சாத்துபவர்களும் உண்டு. சாத்தட்டும், அடுத்த மாதமும் போவோம். ஒவ்வொரு மாதக் கணக்கையும் புலனத்தில் எல்லோருக்கும் அனுப்புகிறோம், ஒரு ரிங்கிட் விடாமல். நம் சங்கங்கள் எப்படி உடைந்தன என்பது நமக்குத் தெரியாதா?

உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஒரு குழு இருக்கும். பழைய தோட்டத்தின் பெயரிலோ, தாமானின் பெயரிலோ, ஒரு கோயில் இளைஞர் பிரிவாகவோ இருக்கும். பெண் பிள்ளைகளின் குழுவாகக் கூட இருக்கலாம், அதை இன்னும் யாரும் பார்க்கப் போயிருக்க மாட்டார்கள். விசாரியுங்கள். இங்கிலாந்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ராத்திரி வருகிறது, இது சாயங்காலம் நடக்கிறது. இரண்டையும் பார்க்கலாம்.

போகும்போது ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள், அல்லது கைப்பேசி போதும். எந்த அணி, எந்த அணி, எத்தனை கோல், எத்தனையாவது நிமிடம், யார் போட்டது. கோல் போட்ட பிள்ளையின் பெயரை முழுதாக எழுதுங்கள், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. தோற்றால் அதையும் எழுதுங்கள், மழுப்பாதீர்கள். ஒரு படம் எடுங்கள், அதில் ஆட்டக்காரர்கள் மட்டும் இருக்கட்டும். பத்திரிகைக்கு அனுப்புங்கள். முதல் வாரம் போடமாட்டார்கள், நான்காவது வாரமும் போடாமல் இருக்கலாம். விடாதீர்கள். இந்தப் பக்கத்துக்கும் அனுப்புங்கள், நாங்கள் போடுவோம்.

எங்கள் பிள்ளைகளுக்கு வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஆட்டம். போன வாரம் 1-4 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை 71ஆவது நிமிடத்தில் போட்டது இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்த பையன். அவன் பெயரை அவன் அம்மாவிடம் கேட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி அனுப்பியிருக்கிறேன்.